கலர் ஸ்கேனர் ஆபரேட்டரின் வேலை என்ன, அதற்கு எவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

அச்சுத் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு முடித்த அம்பாசமுத்திரத்து இளைஞர் ஒருவர், சிவகாசியில் தமக்குக் ‘கலர் ஸ்கேனர் ஆபரேட்டர்’ என்ற பெயரில் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். அந்த வேலையில் உண்மையில் என்ன செய்வார்கள், என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எல்லாரும் கைப்பேசியில் படம் எடுக்கும் இக்காலத்தில் இந்த வேலை நிலைக்குமா என்பவை அவருடைய கேள்விகள். சிவகாசியில் டிரம் ஸ்கேனரில் (படத்தைச் சுழலும் உருளையில் ஒட்டி அளக்கும் இயந்திரத்தில்) பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன், இப்போது பாளையங்கோட்டையில் அச்சுக்கு முந்தைய வேலைகளைப் பார்த்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இயந்திரம் செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்ணப் படத்தின் மீது வெள்ளை ஒளியைச் செலுத்தி, அதிலிருந்து வரும் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வடிகட்டிகளின் வழியாகப் பிரித்து அளப்பதே ஸ்கேனரின் வேலை. சிவப்பு வடிகட்டியில் கிடைக்கும் பதிவு சயான் என்ற பச்சைநீல மைக்கும், பச்சையில் கிடைப்பது மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு மைக்கும், நீலத்தில் கிடைப்பது மஞ்சளுக்கும் ஆதாரமாகின்றன. கருப்பை இம்மூன்றிலிருந்தும் கணக்கிட்டு எடுக்கிறோம். பிறகு ஒவ்வொரு மையும் புள்ளிகளாக மாறி, சயான் 15 பாகை, கருப்பு 45, மெஜந்தா 75, மஞ்சள் 0 என்று தனித்தனிச் சாய்வில் நின்றால்தான் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அலையலையான கோலம் தோன்றாமல் படம் படமாகத் தெரியும். இதையெல்லாம் கல்லூரியில் படித்திருப்பீர்கள். ஆபரேட்டரின் வேலை இதற்கு அப்பால் தொடங்குகிறது.

ஒரு நல்ல டிரான்ஸ்பரன்சியில், அதாவது ஒளி ஊடுருவும் வண்ணப் பாசிட்டிவ் பிலிமில், மிக வெளிச்சமான இடம் விடும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் இருட்டுவரை விவரம் இருக்கும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் நான்கு மையையும் ஏற்றினால்கூட நூற்றுக்கு ஒன்று என்ற அளவை எட்டுவது அரிது. செய்தித்தாளில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். ஒரு மரக்கால் நெல்லை நாழிக்குள் அடைக்க வேண்டிய நிலைமை இது. எது உள்ளே போக வேண்டும், எதைச் சிந்தவிடலாம் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை எடுப்பவர்தான் ஸ்கேனர் ஆபரேட்டர். பொத்தான்களை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். இந்த முடிவைச் சரியாக எடுக்கப் பழக எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குற்றாலம் பேரருவியின் படம் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழும் நீர் முழுவதும் வெள்ளை, சுற்றிலும் ஈரப்பாறை கருப்பு. பார்ப்பவர் கண் போகும் இடம் அந்த வெள்ளைதான். அங்கே நீரின் இழைகள் தெரிய வேண்டுமானால் மிக வெளிச்சமான இடத்திலும் 3 முதல் 5 விழுக்காடு புள்ளி, அதாவது தாளின் பரப்பில் நூற்றுக்கு அவ்வளவு பங்கை மூடும் மை, நின்றாக வேண்டும். அதை விட்டுவிட்டால் அருவி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுத் தாள்தான் தெரியும். பாறையின் விவரத்தைக் கொஞ்சம் பலி கொடுத்தாவது நீரைக் காப்பாற்ற வேண்டிய படம் இது. அடுத்து, திருநெல்வேலி அல்வாவின் பெட்டிக்கு ஒரு படம் வருகிறது. அதிலும் வெள்ளை உண்டு, அல்வாவின் மேல் நெய் மினுங்குகிற பொட்டுகள். அங்கே புள்ளி வைத்தால் நெய் பளபளப்பு இறந்து, அல்வா பழையதாகத் தெரியும். அந்தப் பொட்டுகளைப் புள்ளியே இல்லாமல் தாளின் வெண்மைக்கு விட்டுவிட வேண்டும். அளவுமானியில் இரண்டு வெள்ளையும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டக்கூடும். பொருளையுடைய வெள்ளை எது, வெறும் ஒளித்தெறிப்பு எது என்று பிரித்தறிவது அருவியையும் அல்வாவையும் பார்த்துப் பழகிய மனிதனால்தான் முடியும்.

நிறத்தைப் பொறுத்தவரை, நான் பயிற்சிக்கு எடுத்தவர்களிடம் முதல் மாதம் முழுவதும் சாம்பலைத்தான் பார்க்கச் சொன்னேன். படத்தில் இயல்பாகவே சாம்பலாக இருக்க வேண்டிய பொருள் ஒன்று பெரும்பாலும் இருக்கும்: சிமெண்டுத் தூண், கோயில் கல், வெள்ளை வேட்டியின் மடிப்பில் விழும் நிழல். அந்த இடத்தில் நடுத்தர அளவில் சயான் 50 விழுக்காடு இருந்தால் மெஜந்தாவும் மஞ்சளும் ஏறத்தாழ 40 இருக்க வேண்டும். மூன்றும் சமமாக இருந்தால் சாம்பல் வராது, செம்பழுப்பு வரும். ஏனென்றால் சயான் மை தூய்மையானதன்று, அதற்குள் கொஞ்சம் மெஜந்தாவும் மஞ்சளும் கலந்ததுபோலவே அது நடந்துகொள்கிறது. வேட்டி நிழலில் மெஜந்தா மட்டும் 47 என்று காட்டினால், படம் முழுவதிலும் சிவப்புச் சாயல் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்த ஓர் இடத்தை நேராக்கினால் முகம், புடவை, செடி எல்லாம் பாதிக்குமேல் தாமாகவே நேராகிவிடும். புதியவர்கள் முகம் சிவப்பாக இருக்கிறதென்று முகத்தையும், இலை பழுப்பாக இருக்கிறதென்று இலையையும் தனித்தனியாகத் திருத்திக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஓலையில் ஓட்டை எங்கே என்று பாராமல் வீடெல்லாம் பாத்திரம் வைப்பதைப் போன்ற வேலை அது.

அடர்ந்த நிறங்களில் இன்னொரு பாடம் இருக்கிறது. இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். நெல்லை டவுண் ரத வீதிப் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றின் தீபாவளி விளம்பரத்துக்காக அரக்கு நிறப் பட்டுப்புடவையின் டிரான்ஸ்பரன்சி வந்தது. நான் வேலை பார்த்த இடத்தில் அப்போது ஒளிமேசையின் குழல்விளக்கு பழையதாகிப் பச்சை தட்டிப்போயிருந்தது. அந்த வெளிச்சத்தில் அரக்கு மங்கலாகத் தெரிய, அசலே அப்படித்தான் என்று நம்பி, சயானை எட்டு விழுக்காடு கூட்டிவிட்டேன். புரூஃபை (மாதிரி அச்சை) நெல்லைக்கு எடுத்துச்சென்றபோது, கடைப் பெரியவர் ஒன்றும் பேசாமல் அந்தப் புடவையையே எடுத்துவந்து, வாசல் வெளிச்சத்தில் விரித்து, பக்கத்தில் புரூஃபை வைத்தார். “தம்பி, இது அரக்கு இல்லலா, புளியங்கொட்டைக் கலரா இருக்கு, பாருங்க” என்றார். பார்த்தேன், புளியங்கொட்டைதான். நான்கு மைக்கும் தனித்தனியாக எடுத்த நான்கு பிலிமையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தவறுக்குள் இருக்கும் உண்மை இது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எதிர் மை உண்டு: சிவப்புக்குச் சயான், பச்சைக்கு மெஜந்தா, நீலத்துக்கு மஞ்சள். அரக்குப் புடவையில் மெஜந்தாவும் மஞ்சளும் ஏற்கெனவே முழு அளவை நெருங்கி நிற்பதால் அவற்றில் மடிப்பும் இல்லை, நெசவும் இல்லை. மடிப்பின் நிழல், சரிகையின் ஓரம், பட்டின் மினுமினுப்பு எல்லாவற்றையும் சுமந்து நிற்பது அந்த மெல்லிய சயானும் கருப்புந்தான். சயானைக் கூட்டினால் நிறம் புளியங்கொட்டையாகும். பளிச்சென்று இருக்கட்டுமென்று அறவே எடுத்தால் மடிப்பெல்லாம் மறைந்து, சிவப்புத் தாளை வெட்டி ஒட்டியதுபோல் ஆகும். ஆகவே சிவப்புப் படத்தை எடுத்தால் சயான் பிலிமைத்தான் முதலில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வாழைத்தோப்புப் படமானால் மெஜந்தாவைப் பாருங்கள். படத்தின் உருவம் எதிர் மையில்தான் குடியிருக்கிறது.

மனித முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெளிநாட்டுக் கையேடுகள் தோலுக்குத் தரும் அளவுகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கானவை. அவற்றில் சயான் மிகக் குறைவாக இருக்கும். அதை அப்படியே நம் ஊர்க் கல்யாணப் படத்துக்குப் பயன்படுத்தினால், மாநிறப் பெண்ணின் முகம் ரோஸ் பவுடர் பூசியதுபோல் ஆகிவிடும். மாநிறக் கன்னத்துக்குச் சயான் 25 முதல் 35 வரை, மெஜந்தா 50 அளவில், மஞ்சள் அதைவிடச் சற்றுக் கூடுதலாக 60 அளவில் என்பது என் அனுபவத்தில் நன்றாக வந்த கணக்கு. மெஜந்தா மஞ்சளைத் தாண்டினால் முகம் வெயிலில் வெந்ததுபோலிருக்கும். “கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள்” என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் எப்போதும் உண்டு. வெளிச்சத்தைத் திருத்துங்கள், மங்கலை நீக்குங்கள். பிறந்த நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள். அந்தப் படத்தை நாற்பது ஆண்டுகள் கழித்துப் பார்க்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் ஆச்சியின் உண்மையான முகம் கிடைக்க வேண்டும்.

கைவேலையில் முதன்மையானது படத்தை ஏற்றுவது. டிரம் என்பது கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக் உருளை. டிரான்ஸ்பரன்சியை அதில் வெறுமனே ஒட்டினால், பிலிமுக்கும் உருளைக்கும் நடுவே சிக்கும் மெல்லிய காற்றுப்படலத்தால் எண்ணெய் படிந்த தண்ணீரில் தெரிவதுபோல் வண்ண வளையங்கள் தோன்றும். அதைத் தவிர்க்க, ஒட்டுதிரவத்தை ஒரு கோடாக விட்டு, பிலிமின் ஒரு விளிம்பை முதலில் டேப்பால் பிடித்து, மேலே தெளிந்த மைலார் தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி விரலால் நீவிக் குமிழ்களைத் தள்ள வேண்டும். குமிழ் ஒன்று தங்கினாலும் அது பிள்ளையார் நெற்றியிலோ மணமகள் கன்னத்திலோதான் வந்து நிற்கும். உருளை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும் என்பதால் டேப் தளர்ந்தால் திரும்பிவராத அசல் கிழிந்தே போகும். எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று அடிக்கும்போது எத்தனை கதவை அடைத்தாலும் தூசி உள்ளே வரும். பாசிட்டிவில் விழுந்த தூசி அச்சில் கரும்புள்ளியாகவும், நெகட்டிவில் விழுந்தது வெள்ளைப்புள்ளியாகவும் தெரியும். ஏற்றும்போது தூரிகையால் ஒரு நிமிடம் துடைக்கச் சோம்பினால், திரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க நேரும். தட்டை ஸ்கேனரிலும் கண்ணாடியின் சுத்தம் இதே கவனத்தைக் கேட்கும்.

நுணுக்க அளவைக் கணக்கிடுவது எளிது. அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கோடு என்பதை இரண்டால் பெருக்கி, அதைப் படம் எத்தனை மடங்கு பெரிதாகிறதோ அதனால் பெருக்க வேண்டும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறிய ஸ்லைடை 150 கோட்டில் 36 சென்டிமீட்டர் காலண்டர் படமாக்கினால் பத்து மடங்கு, அதாவது அங்குலத்துக்கு 3000 படப்புள்ளிகள். நான்கு நிறத்துக்கும் சேர்த்துக் கோப்பு சுமார் 46 மெகாபைட் வரும். இதைவிடக் கூட்டினால் கோப்புதான் பெருக்கும், அச்சில் வேறுபாடு தெரியாது.

கணக்குச் சரியாக இருந்தும் படம் கெடும் இடம் ஒன்று உண்டு: நுண்ணிய நெசவு. பத்தமடைப் பாயைப் படமெடுத்து அச்சிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோரையைக் கீறி மெல்லிதாக நெய்த அந்தப் பாயின் இழைகள், அச்சுப் புள்ளிகளின் வரிசையோடு மோதிப் பாயில் இல்லாத அலைகளையும் கட்டங்களையும் உண்டாக்கிவிடும். இயந்திரத்தின் மீது குற்றமில்லை, ஒழுங்கான இரண்டு கோலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மூன்றாவது கோலம் பிறக்கும் என்பது இயற்கை. அப்போது முதலில் கூர்மையூட்டலைக் குறைப்பேன். பிறகு தேவையைவிட உயர்ந்த அளவில் ஸ்கேன் செய்து கீழே இறக்கிப் பார்ப்பேன். இடமிருந்தால் படத்தின் அளவை நூற்றுக்கு மூன்று, நான்கு என்று கூட்டியோ குறைத்தோ, பாயைச் சில பாகை சாய்த்தோ பார்ப்பேன். பழைய காலண்டரைக் கொண்டுவந்து “இதே முருகனைப் பத்திரிகையில் போடுங்கள்” என்று கேட்கும்போதும் இதே சங்கடந்தான், ஏனென்றால் அதில் ஏற்கெனவே புள்ளிகள் இருக்கின்றன. அச்சுப்புள்ளி நீக்கும் வசதி ஓரளவு உதவும். அசல் படம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பது எல்லாவற்றிலும் நல்லது. உரிமை யாருடையது என்ற கேள்வியும் அப்போதே தீர்ந்துவிடும்.

காலண்டர் என்றதும் இந்த வட்டாரத்தின் பின்னணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிவகாசி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். கோவில்பட்டி 1986 வரை இருந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) போன்ற ஓவியர்கள் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் ஏறின. ஸ்கேனர் வருவதற்கு முன் லித்தோ (கல்லச்சு) கலைஞர்கள் ஓவியத்தைக் கண்ணால் பார்த்தே, இதில் சிவப்பு இவ்வளவு, மஞ்சள் இவ்வளவு என்று பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் கையால் புள்ளி வைத்தார்கள். டிரம் ஸ்கேனர் வந்தபோதும் அட்டையில் தீட்டிய ஓவியம் உருளையில் வளையாது என்பதால் அதைப் பெரிய டிரான்ஸ்பரன்சியாகப் படமெடுத்துத்தான் ஏற்றினோம். அந்தக் கலைஞர்கள் மனத்தில் போட்ட அதே கணக்கைத்தான் நாம் எண்ணாகப் பார்க்கிறோம்.

அடுத்துச் சொல்லப்போவதைப் பல ஆபரேட்டர்கள் அலட்சியம் செய்கிறார்கள். ஸ்கேனர் அறை குளிரூட்டப்பட்டிருக்கும், மெஷின் அறையில் வெக்கையும் மை வாடையும் இருக்கும். ஆகவே அங்கே போவதற்கு மனம் வராது. ஆனால் நீங்கள் 50 என்று கொடுத்த புள்ளி தாளில் 50 ஆக விழுவதில்லை. மை பரவி, ஆர்ட் பேப்பரில் 70 அளவுக்கும், செய்தித்தாளில் 76 அளவுக்கும் பெருக்கும். நான்கு மையும் சேர்ந்த மொத்த அளவு (நான்கின் விழுக்காடுகளையும் கூட்டியது) ஆர்ட் பேப்பரில் 300-ஐத் தாண்டிப் போகலாம். செய்தித்தாளில் 240-க்குள் நிறுத்தாவிட்டால் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், தாள் மறுபுறம் ஊறித் தெரியும். இவை பொது அளவுகள். உங்கள் அச்சகத்தில் இருக்கும் குறிப்பிட்ட மெஷின் எவ்வளவு பெருக்குகிறது, அதன் பிளாங்கெட் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) எத்தனை பழையது, மெஷின்மேன் மெஜந்தாவை எப்போதும் சற்று ஏற்றியே ஓட்டுகிறவரா என்பதெல்லாம் அங்கே போய் நின்றால்தான் தெரியும். மெஷின்மேன் அண்ணாச்சியோடு வாரத்துக்கு ஒருநாள் பேசாத ஆபரேட்டர், அளவு எடுக்காமல் சட்டை தைப்பவர்.

இனி, வேலை நிலைக்குமா என்ற கேள்வி. டிரம் ஸ்கேனரை மட்டும் நம்பி இனி ஒருவர் வாழ முடியாது. டிஜிட்டல் கேமரா வந்தபின் ஸ்கேன் செய்ய வேண்டிய அசல்களே அருகிவிட்டன, பிலிமுக்குப் பதிலாகக் கணினியிலிருந்து நேரே பிளேட் (அச்சுத் தகடு) எடுக்கிறோம். உங்களுக்குக் கிடைத்திருக்கும் வேலையிலும் பெயர்தான் பழையதாக இருக்கும். பெரும்பாலும் வந்த படங்களைத் திருத்துவது, தாளுக்கேற்ற வண்ண வரையறையில் மாற்றுவது, பிடிஎஃப் சரிபார்ப்பது, பெட்டி, லேபிள் வேலைகளுக்குத் தனி மைகளைப் பிரிப்பது ஆகியவையாகவே இருக்கும். மேலே நான் எழுதிய சாம்பல், எதிர் மை, இரண்டு வெள்ளை, புள்ளிப் பெருக்கம் ஆகியவற்றில் ஒன்றுகூட இதனால் மாறவில்லை. கைப்பேசிப் படம் திரையில் அழகாக இருக்கும், ஏனென்றால் திரை ஒளிர்கிறது, தாள் ஒளிர்வதில்லை. அந்த நீலப் புடவை தாளில் ஏன் ஊதாவாக விழுந்தது என்று கேட்டு வாடிக்கையாளர் வரும்போது, மெஜந்தாவைக் குறைத்தால் நீலம் மீளும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். இதைத் தவிர ஓலைச்சுவடி, பழைய நூல், குடும்பப் படங்கள், கண்ணாடி நெகட்டிவ் ஆகியவற்றை மின்னுருவாக்கும் வேலை இருக்கிறது. அங்கே அசலுக்குச் சேதம் வராமல் கையாளத் தெரிந்த கை மிக அரிதாகவே கிடைக்கிறது.

சேர்ந்தபின் முதல் சில மாதங்களுக்கு, நீங்கள் தயாரித்த ஒவ்வொரு படத்தின் அச்சான தாளிலும் ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்புறத்தில் நீங்கள் கொடுத்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகம், சாம்பல், மிக வெளிச்சமான இடம் என்று மூன்று எண்கள் போதும். எந்த நிறத்தையும் பகல்வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் விளக்கின்கீழ் மட்டுமே தீர்மானியுங்கள். அது இல்லாத இடத்தில், நேர்வெயில் படாத வாசல் நிழலில், நண்பகலுக்கு முன் பாருங்கள். பளிச்சென்ற சிவப்போ பச்சையோ சட்டை அணிந்து திரைமுன் உட்காராதீர்கள், அதன் சாயல் திரையில் விழும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, சிவகாசிக்குப் பஸ் ஏறுவதற்குள், கண் மருத்துவர் ஒருவரிடம் போய் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை வைத்து உங்கள் நிறப்பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத குறை பெண்களைவிட ஆண்களுக்கே மிகுதியாக வருகிறது; இருப்பவருக்கே அது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் போய்விடுவதும் உண்டு. சோதனைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். குறை இருந்தால் பக்க வடிவமைப்பு, பிளேட் பிரிவு என்று இதே தொழிலில் வேறு நல்ல இடங்கள் இருக்கின்றன. அதைச் சேருவதற்கு முன்பே நிறுவனத்தாரிடம் சொல்லி மாற்றிக் கேட்கலாம்.